மானுக்குப் பூக்கிற சன்னம்

ஒக்டோபர் 19, சனி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். துவக்கில் போட்டுச் சுடுகிற ரவைக்குப் புளி போட்டு மினுக்கினேன். கொஞ்சம் உப்பும் சேர்த்து.

பித்தளையைக் கண்டால் எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் புளியில்தானே வெளுக்கிறது. பக்கத்துக் காணி மார்லீன் தந்த பெட்டியில் ரவையெல்லாம் கறுத்து, அங்கங்கே பச்சை பிடித்துக் கிடந்தது. அவளுடைய புருசன் வாங்கி நிலவறையில் போட்டு மறந்த சாமான். மனிசன் போய் இரண்டு வருசம். எனக்குத் துவக்கு லைசன்ஸ் வந்ததைக் கேட்டதும், "துவக்கையும் நீயே எடு, மலர், இஞ்ச அதைத் தொட ஆளில்லை" என்று சொல்லி, முதலில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள்.

ஊறப்போட்டு, பஞ்சால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, துவாய் விரித்துக் காயவைத்தேன். சாமித்தட்டில் வைக்கலாம் போல மினுங்கியது. அந்தப் பெருமையில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு ரவுனில் துவக்குக் கடை வைத்திருக்கிற ஒரெஸ்டிடம் போனேன். பெரிய வயிறு, அதன் மேல் சின்னக் கண்ணாடி கயிற்றில் தொங்கும். பெட்டியைத் திறந்தான். முகர்ந்தான்.

"இதென்ன மணம்?"

புளிக்கு இங்கிலீசில் என்ன என்று வாயில் வரவில்லை. "எங்கட ஊர் எலுமிச்சம்பழம்" என்றேன்.

சிரிக்கத் தொடங்கினான். கதிரையைத் தேடி இருந்துகொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்தான். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தி, ஒன்றுகூடத் திருப்பித் தரமாட்டேன் என்றான். புளிப்பு பித்தளையைத் தின்னுமாம். தண்ணீர் உள்ளே போயிருந்தால் வெடிக்காது, அல்லது நினைக்காத நேரத்தில் வெடிக்கும். "நீ குளிப்பாட்டாம விட்டிருந்தாலும் இது உனக்குச் சரிவராது. இது ஆமி ரவை. மானுக்கு இல்லை. துவக்கோட வா, சொல்றன்."

மானுக்கென்று தனி ரவையா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது? சாப்பாட்டுப் பெட்டி இன்னும் மணக்கிறது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

துவக்கு வந்தது. மார்லீன் என் லைசன்ஸ் நம்பரைச் சொல்லி, லைசன்ஸ் கந்தோரில் போனில் கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகுதான் கொண்டுவந்தாள். பழைய பச்சைப் போர்வைக்குள் பிள்ளையைச் சுற்றின மாதிரிச் சுற்றியிருந்தாள். மரமும் இரும்பும். நல்ல பாரம். பக்கத்தில் 1943 என்று அடித்திருக்கிறது. என் மாமியாரைவிட இரண்டு வயது மூப்பு, ஆனால் வாய் குறைவு. கிழவன் என்று பேர் வைத்துவிட்டேன்.

இவர் குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார். எழும்பி வந்து பார்த்தார். தொடவில்லை.

"த்ரீ நோட் த்ரீ" என்றார். துவக்கின் இனம்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

இவருடைய வலது தோளில் இரண்டு தழும்பு இருக்கிறது. முன்னால் ஒரு பொட்டு, பின்னால் ஒரு பொட்டு. எண்பத்தைந்தில், கலியாணத்துக்கு முந்தி, ஊரில் வயலுக்குத் தண்ணி மாறப் போன இடத்தில் பட்டது. ஆர் சுட்டது என்று சொன்னதே இல்லை. வாய்க்கால் கரைப் பற்றைக்குள் விடியும் வரை கிடந்தாராம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "நூல் கோர்த்து மாலை கட்டலாம்" என்று நான் முப்பது வருசமாகப் பகிடி பண்ணுகிற தழும்பு அது.

நான் ஏன் மானுக்குப் போகிறேன் என்பது இவருக்குத் தெரியும். போன மாசி மாசம் நெஞ்சுக் குழாய்க்குள் கம்பிவலை வைத்ததிலிருந்து டொக்டர் ஆட்டிறைச்சி வேண்டாம், மாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மான் என்றால் கொழுப்பில்லை, சாப்பிடலாமாம். ஆனால் இந்த நாட்டில் காட்டு இறைச்சி கடையில் விற்க விடமாட்டார்கள். வேணுமென்றால் நீயே போய்ச் சுடு. மனிசன் புடலங்காயும் சோறும் தின்று தின்று கொடிக்கம்பு மாதிரி ஆகிவிட்டார். இவருடைய காற்சட்டைக்கு நான் மூன்றாம் தரம் ஓட்டை போட்டுவிட்டேன், பெல்டில்.

திரும்பிப் போய் வெங்காயத்தின் முன் இருந்துகொண்டு சொன்னார்: "இஞ்சாரும். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா சுட்டா அது உடன சாகவேணும். ஓடிப்போய் எங்கயாவது பத்தைக்குள்ள கிடந்து மூச்சு வாங்கக்கூடாது. அப்பிடி ஒண்டு நடந்தா எனக்கு அந்த இறைச்சியும் வேண்டாம், அந்தத் துவக்கு இந்த வாசலுக்கு வரவும் வேண்டாம்."

"சரியப்பா, நான் மானிட்டைச் சொல்லி வைக்கிறன்."

சிரிக்கவில்லை. வெங்காயம் கூடிப்போய்விட்டது. மூன்று கறிக்குக் காணும்.

ஒக்டோபர் 24, வியாழன்

இன்றைக்குக் கண்டதை எழுத எனக்குத் தமிழ் போதாது. முயற்சி செய்கிறேன்.

ஒரெஸ்ட் கிழவனை வாங்கி, வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். பல் டொக்டர் மாதிரி. என்னையும் பார்க்கச் சொன்னான். குழாய்க்குள் மினுமினுவென்று வரிகள் சுற்றிச் சுற்றிப் போகுது, சங்குக்குள் போகிறது மாதிரி. எண்பது வருசத்துக்கு முந்தி ஒருத்தன் இரும்புக்குள் இப்படிக் கோலம் போட்டிருக்கிறான். பிறகு ஏதோ இரும்புத் துண்டுகளை வைத்துப் பூட்டித் திறந்து அளந்தான். "கிழவன் சுகமாத்தான் இருக்கிறான்" என்றான்.

பிறகு மேசையில் இரண்டு ரவையை நிமிர்த்தி வைத்தான். உயரம் ஒன்று, பருமன் ஒன்று. முனையில் இருக்கிற சன்னம் மட்டும் வேறு. சன்னம்தானே பறந்து போகிறது, மிச்சம் வெறும் குடுவை. ஒன்றின் முனை முழுக்கச் செம்பு போர்த்தி ஊசி மாதிரி. மற்றதில் நுனியில் ஈயம் வெளியே தெரிந்தது, மொட்டையாக, குழந்தையின் கட்டைவிரல் மாதிரி.

ஊசியைக் காட்டி, "இது ஆமி. உள்ள போனா உருவம் மாறாது. சிலவேளை நேர புகுந்து மற்றப் பக்கத்தால போகும். சிலவேளை உள்ளுக்க குத்துக்கரணம் அடிக்கும். அது அதிட்டம். மானை அதிட்டத்துக்கு விடேலாது. ஓடிப்போய், ரெண்டு நாள் கிடந்து சாகும்."

மொட்டையைக் காட்டினான். "இது பட்டவுடன விரியும்."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். போன வருசம் அவன் சுட்ட மானுக்குள் இருந்து எடுத்த சன்னமாம். அது சன்னம் இல்லை. பூ. நடுவில் ஈயம், சுற்றிவரச் செம்பு இதழ் ஆறும் பின்பக்கம் மடிந்து, யாரோ தட்டான் இருந்து செய்த மாதிரி. மூக்குத்திக்கு வைக்கலாம், மூக்குத்தான் தாங்காது. எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ தெரியாது. கையில் சூடாகிவிட்டது.

"இவ்வளவு கெதியாச் சாகப்பண்ணுற சாமான் இருக்க, ஏன் ஆமிக்காரருக்கு மற்றதைக் குடுத்தவங்கள்?" என்று கேட்டேன்.

ஒரெஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சண்டையில விரியிற சன்னம் பாவிக்கக்கூடாது எண்டு நாடுகளெல்லாம் கூடிச் சட்டம் போட்டிருக்கு. எங்கட மானிட்டோபாவில மானுக்கு விரியாத சன்னம் பாவிக்கக்கூடாது எண்டு சட்டம்."

"அப்ப மனிசருக்கு விரியாதது. மானுக்கு விரியிறது."

"ஓம்."

"ஏன்?"

"மனிசனைத் தூக்கிக்கொண்டு போக ஆக்கள் வருவினம், ஆஸ்பத்திரி இருக்கு. மானுக்கு ஆர் இருக்கினம்?"

பூவை லாச்சிக்குள் நானே திருப்பி வைத்தேன். என் முகத்தைக் கண்டு ஒரெஸ்ட் தண்ணீர் வேணுமா என்று கேட்டான்.

மொட்டை முனையில் பாரம் குறைந்ததில் ஒரு பெட்டி, பாரம் கூடினதில் ஒரு பெட்டி வாங்கினேன். எது கிழவனுக்குப் பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரியுமாம். பழைய துவக்குக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் ருசி. அதுவும் இவரை மாதிரித்தான்.

ஒக்டோபர் 25, வெள்ளி

குளிருக்கு இவருடைய தோள் பிடித்துக்கொள்ளும். காலமை நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். முன் பொட்டில் பெருவிரல், பின் பொட்டில் நடுவிரல். இடையில் என் கை அகலம்தான்.

"போதுமப்பா, தோல் உரியப்போகுது" என்றார்.

எண்ணெய் கூடிவிட்டது. சேட்டு மாற்ற வேண்டிப்போச்சு.

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. உழுந்து வடை. வெளியே முதல் ஸ்னோ. எங்கள் மோட்டலில் நாலாம் அறையின் குழாய் ஒழுகுது.

நவம்பர் 3, ஞாயிறு

கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. "விரத நாளில துவக்கோட போறியோ?" என்று ரொறன்ரோவில் இருந்து தங்கச்சி போனில் கத்தினாள். பேப்பரைச் சுடுவது மச்சம் மாமிசத்தில் சேராது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேப்பரும் அவளுடையதுதான். எங்களுக்கு மிளகாய்த்தூள் அனுப்புகிற போதெல்லாம் சும்மா கிடைக்கிற தமிழ்ப் பேப்பரில் சுற்றி அனுப்புவாள். பதினொரு வருசப் பேப்பர் கராஜில் குவிந்து கிடக்கிறது. இறைச்சி சன்னத்தை எப்படித் தாங்குமோ அப்படித்தான் நனைந்த பேப்பரும் தாங்குமாம், ஒரெஸ்ட் சொன்னது. நேற்று ஏழாம் அறையின் குளிக்கிற தொட்டியில் ஊறப்போட்டு, இன்றைக்குக் கட்டுக் கட்டாகக் கட்டி, வான் வண்டியில் ஏற்றி, சரளைக்கல் தோண்டி எடுத்த கிரவல் கிடங்குக்குப் போனோம். "போனோம்" என்றால் இவரும்தான். பேப்பர்க் கட்டைத் தூக்க ஆள் வேணும் என்று கூட்டிக்கொண்டு போனேன். தூக்கிவிட்டு வானுக்குள் போய் இருந்து ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டார். இவருக்கு நவம்பர் மாசத்தில் எதையும் சத்தமாகக் கேட்கத்தான் பிடிக்கும். மான் காலம் தொடங்கினால் எங்கள் மோட்டலின் எட்டு அறையையும், சுத்தமாக இருந்தாலும், காலமையும் பின்னேரமும் வக்கியூம் பிடிப்பார். இந்த ஊரில் இவ்வளவு சுத்தமான மோட்டல் இல்லை என்று வேட்டைக்காரர் எழுதிவிட்டுப் போவார்கள்.

அங்கே எங்களுக்காகக் காத்து நின்ற ஒரெஸ்ட் முதலில் இலக்குத் தாள் வைத்தான். பாரம் குறைந்த ரவை சாணகம் தெளித்த மாதிரி நாலு பக்கமும் போனது. "நான்தான் பிழையோ?" என்றேன். பாரம் கூடினதைப் போட்டேன். மூன்று வெடி. மூன்று ஓட்டையையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடலாம். "கிழவன் தன்ர சாப்பாட்டைக் கண்டுபிடிச்சிட்டான்" என்று ஒரெஸ்ட் கை தட்டினான். எண்பது யார் தூரத்துக்கு மேல் சுடாதே என்று சொல்லிவிட்டான். என் தோளில் கழுதை உதைத்த மாதிரி இருக்குது, ஆனால் எழுதமாட்டேன்.

பிறகு பேப்பர்க் கட்டு. முதலில் ஒரெஸ்ட் தன்னுடைய புது ஆமி ரவையில் ஒன்று சுட்டுக் காட்டினான். கிட்டப் போய்ப் பார்த்தோம். முன் பக்கத்தில் வீடு விற்கிற ஒருத்தர் கோட்டும் சூட்டும் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய கழுத்து ரையில் ஒரு பென்சில் ஓட்டை. அவ்வளவுதான். பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். பூப்புனித நீராட்டு, ஆயுள் காப்புறுதி, கோயில் தேர், மரண அறிவித்தல், எல்லாவற்றுக்குள்ளாலும் அதே பென்சில் ஓட்டை. கடைசிக் கட்டுக்குப் பின்னாலும் போய் மண்ணுக்குள் புதைந்துவிட்டது.

அப்போது ரேடியோ நின்றதை நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இவர் பின்னால் நிற்கிறார்.

மற்றதை நான் சுட்டேன். முன் பக்கத்தில் அதே சின்ன ஓட்டை. உள்ளே ஒவ்வொன்றாக விரித்தேன். நாலாம் பேப்பரில் முட்டை அளவு. எட்டாம் பேப்பரில் என் முழுக் கையும் போகும், கிழிந்து, கூழாகி, ஆருடைய கலியாணமோ ஆருடைய அந்தியேட்டியோ தெரியாத மாதிரி. அதற்குப் பின்னால், ஒரு நனைந்த சமையல் குறிப்புக்கு மேல், அந்தப் பூ இருந்தது.

இவர் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஒரெஸ்ட் சொன்ன சட்டத்தை இவருக்குச் சொன்னேன். மனிசருக்கு விரியாதது, மானுக்கு விரியிறது. பத்து நாளாக வாய்க்குள் வைத்திருந்தேன். எனக்கு அது பெரிய சாதனை.

இவர் பென்சில் ஓட்டைக்குள் சின்னிவிரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை.

"அப்ப அவன் சட்டம் பாத்துத்தான் சுட்டிருக்கிறான்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். முப்பத்துநாலு வருசக் கலியாணத்தில் அந்தத் தோளைப் பற்றி இவர் விட்ட முதல் பகிடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகிடி விடுகிறது என் வேலை, அதை எடுத்துவிட்டார் என்ற கோபமாக இருக்கும்.

வீட்டுக்கு வரும்போது ரேடியோ போடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சூரன்போர். விரதம் முடிந்தது. இனி என்னுடைய போர்.

நவம்பர் 12, செவ்வாய்

மோட்டல் நிறைய வேட்டைக்காரர். மூன்றாம் அறையில் நிற்கிற நெட்டையன் காலமை நான் செம்மஞ்சள் தொப்பியும் செம்மஞ்சள் அங்கியும் போட்டு வருவதைக் கண்டு, "மிசிஸ், நீங்களுமா?" என்று கேட்டான். இங்கே மானுக்குப் போகிறவர்கள் இந்த நிறம் போடத்தான் வேணும், மற்றவன் மான் என்று நினைத்துச் சுடாமல் இருக்க. "இல்லை, சந்நியாசம் வாங்கிட்டன், உங்கட அறைச் சாவியை இனி என்ர மனிசனிட்டைக் கேளுங்கோ" என்றேன். பாவம், நம்பிவிட்டான்.

மார்லீனின் வைக்கோல் வயல். கரையில் பொப்ளர் மரங்கள். இவர் வானை ஒழுங்கை முனையில் விட்டுவிட்டு உள்ளேயே இருந்தார். நான் வைக்கோல் உருளைக்குப் பின்னால் இருந்தேன். ரவை போட்டாச்சு. பூட்டியாச்சு. குளிர் மூக்குக்குள் முள்ளாகக் குத்துது.

மரங்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. பிறகு பார்க்கிறேன், அதே இடத்தில் ஒரு பெண் மான் நிற்கிறது. வந்ததை நான் காணவில்லை. இவ்வளவு பெரிய உயிர், காய்ந்த இலை, மொறுமொறு ஸ்னோ, ஒரு சத்தம் இல்லை. பின்னால் இரண்டு குட்டி. தாயின் மூக்கில் இருந்து புகை புகையாக மூச்சு வந்தது. எனக்கும் அப்படித்தான் வந்துகொண்டு இருந்தது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். காது இரண்டும் தனித்தனியாகத் திரும்புது, ஒன்று என் பக்கம், ஒன்று வான் பக்கம். பதினொரு வருசமாக இவைகளின் இரத்தத்தை மோட்டல் துவாயில் இருந்து கழுவி இருக்கிறேன். முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கோயிலில் திரை விலகுகிற நேரம் மாதிரி எனக்குக் கை தானாகக் குவியப் பார்த்தது, துவக்கு இருந்ததால் குவியவில்லை.

என் மான் லைசன்ஸ் கொம்பு வைத்ததற்குத்தான். அவை போன பிறகு அப்படி ஒன்றும் வந்தது. கிட்டத்தான். ஆனால் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் நிற்க வேணும், முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்கு, வேறெங்கும் இல்லை. காத்திருந்தேன். திரும்பவே இல்லை. போய்விட்டது.

வானுக்குள் ஏறினேன். "வெடி கேக்கேல்லையே?" என்றார்.

"பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிண்டுது. உங்கட சொந்தக்காரர் மாதிரி."

"சுட்டிருக்கலாம்."

"சுட்டிருக்கலாம். ஆனா ஓடியிருக்கும்."

பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை எனக்குத் தந்தார். வழக்கத்தில் முதல் கோப்பை இவருக்குத்தான்.

நவம்பர் 14, வியாழன்

ஒன்றும் வரவில்லை. ஒரு காகம். நாலாம் அறைக் குழாய் திரும்பவும்.

நவம்பர் 16, சனி

காலமை ஒன்பது மணி இருக்கும். வெயில் வந்து ஸ்னோ முழுக்கச் சீனி கொட்டின மாதிரி. மரத்துக்குள் இருந்து கொம்பன் வந்தான். பெரிசில்லை, ஒரு பக்கம் மூன்று கிளை, மற்றப் பக்கம் நாலு. நடந்து நடந்து வயலுக்குள் வந்து, பக்கவாட்டில் நின்று, தலையைத் தூக்கிக் காற்றை மணந்தான்.

கிழவனை வைக்கோலில் சாய்த்தேன். முன்னங்காலுக்குப் பின்னால். மூச்சை விட்டேன். அந்த இடத்தில் உரோமம் காற்றுக்கு அசைகிறது வரைக்கும் தெரிந்தது. இவ்வளவு வடிவான ஒன்றை நான் கெடுக்கப் போகிறேன் என்றும் தெரிந்தது. விரலை மெல்ல அமத்தினேன்.

வெடிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கொம்பன் ஒரு தரம் முதுகை வளைத்துத் துள்ளினான். விழவில்லை. ஓடினான். நேரே பொப்ளர் மரங்களுக்குள்.

வயல் வெறுமை. நான் எழும்பவில்லை. ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து மூச்சு வாங்கக்கூடாது என்று இவர் சொன்னது மட்டும் காதுக்குள். பொறுத்திரு, உடனே துரத்தாதே என்று ஒரெஸ்ட் சொல்லியிருந்தான். ஆனால் அது எங்கேயோ வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தால்? எனக்கு முருகன், பிள்ளையார் எல்லாரும் ஒன்றாக வாயில் வந்தார்கள்.

வான் கதவு அடிக்கிற சத்தம். பார்த்தால் இவர். கூப்பிடவே இல்லை நான். தொப்பி இல்லை, செம்மஞ்சள் அங்கி ஒரு கையில் மட்டும். பிடித்த தோளைச் சரித்துக்கொண்டு, முழங்கால் ஸ்னோவில், வயலைக் குறுக்கே வெட்டி வருகிறார். என்னைத் தாண்டிப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

"இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!"

நிற்கவில்லை. ரவையைக் கழற்றிவிட்டு, துவக்கை வைக்கோலில் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். ஸ்னோவில் இரத்தம். சின்னப் பொட்டு, பிறகு பெரிசு, பிறகு ஒரு வாளியால் ஊற்றின மாதிரி. மரங்களுக்குள் இவர் குனிந்தது தெரிந்தது.

"இஞ்சாருங்கோ?"

"வாரும்" என்றார். "போயிட்டுது."

முதல் மரங்களுக்குப் பின்னால்தான். பற்றை வரைக்கும் போகவே இல்லை. ஓடின வேகத்திலேயே விழுந்து, ஒரு பக்கமாக, கால் மடிந்து. இவர் கையுறையைக் கழற்றிவிட்டு அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கண் திறந்தபடி. உள்ளே மரமெல்லாம் தெரியுது, வானம் தெரியுது, இவருடைய தலையும் தெரியுது.

"நான் வர முந்தியே போயிட்டுது. விழ முந்தியே போயிருக்கும்" என்றார். "தனக்கு என்ன நடந்தது எண்டு அதுக்குத் தெரியாது."

பிறகு விலாவில் விரலால் தேடி, சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்தார். மற்றப் பக்கத்தைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அந்தப் பக்கம் இவருடைய கைமுட்டி போகும். கையை அங்கே வைத்துக்கொண்டு எவ்வளவோ நேரம் முழங்காலில் இருந்தார். சூடு ஆறவில்லை, ஆவி பறந்துகொண்டு இருந்தது. நான் இவருடைய தொப்பி இல்லாத தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் நரைத்துப்போச்சு. எப்போது நரைத்தது?

"எனக்கு விடியிற வரைக்கும் விளங்கிக்கொண்டே இருந்தது" என்றார். என்னிடம் இல்லை. மானிடம்.

நான் என் தொப்பியைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டேன். குளிர்தானே.

எழும்பி, ஸ்னோவில் கையைத் துடைத்துக்கொண்டு, "துவக்கை ஏன் அங்க போட்டிட்டு வந்தனீர்? ஸ்னோவில நனையும். எடுத்துக்கொண்டு வாரும், வீட்டை போவம்" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். போகிற வழியில் கொஞ்சம் அழுதேன், குளிர் காற்றுக்குக் கண்ணில் தண்ணி வரும். மான் லைசன்ஸோடு தந்த சீட்டைக் கொம்பில் கட்டினேன். குடலை நான் எடுத்தேன். ஆடு வெட்டின கைக்கு அது பெரிய வேலையில்லை. ஈரலைத் தனியே வைக்கச் சொன்னார், மிளகு போட்டு வறுக்க வேணுமாம். "டொக்டர் ஈரலைப் பற்றிச் சொல்லேல்லை" என்றேன். "கேக்கவும் இல்லை" என்றார். பசிக்குதாம். பசிக்குது என்று இவர் சொல்லி நான் கேட்டது மாசிக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

மார்லீனிடம் இரவல் வாங்கிவைத்த சறுக்குப் பலகையில் வைத்து வானடிக்கு இழுத்து வந்தோம். கூரையில் ஏற்றினோம். இவரை உள்ளே இருத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நான் ஒரு பக்கத்தால் கயிற்றைக் கொடுக்க, இவர் உள்ளே வாங்கி மற்றப் பக்கத்தால் தந்தார். முன்னால் மூன்று சுற்று, பின்னால் மூன்று சுற்று. முடிச்சு நல்ல இறுக்கம். காற்றுக்கு அசையாது என்று இவர் சொன்னார், அது உண்மை.

பிறகு நான் ஓட்டுகிற பக்கக் கதவைத் திறக்கப் போனேன். கயிறு கதவையும் சேர்த்துக் கட்டியிருந்தது. மற்றக் கதவுகளும் அப்படித்தான். பின்கதவு இரண்டு வருசமாகத் திறப்பதில்லை. முடிச்சு பனியில் இறுகி அசையவில்லை. வெட்டுவோம் என்றேன். புதுக்கயிறு, வேண்டாம் என்றார்.

ஜன்னலால் ஏறினேன். தலை உள்ளே போனது. தோள் போனது. மிச்சம் போகவில்லை. இவர் கையைப் பிடித்து இழுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். ஹீற்றரைப் போடுங்கோ என்றேன். வான் சாவி எங்கே என்று கேட்டார்.

சாவி என் பின்பொக்கற்றில் இருந்தது.